ஜப்பானியம் படித்துவிட்டு ஆசிரியர் ஆவது: எந்த வாசல் வழியாக?

ஜப்பானிய மொழித் தேர்வில் என்2 நிலை தேறியவர்களுக்கு ஒரு நோய் வரும். சான்றிதழ் கைக்கு வந்ததும் இரண்டு வாரம் சந்தோஷம். மூன்றாவது வாரம் "அடுத்து என்ன?" என்ற அரிப்பு தொடங்கும். மொழிபெயர்ப்பு, ஐ.டி. கம்பெனியில் ஜப்பானிய வாடிக்கையாளர் பக்கம் உட்காருவது என்று வழக்கமான பதில்கள் உண்டு. சிலர் மட்டும் கொஞ்சம் தயங்கிக் கேட்பார்கள்: "இதை வைத்து டீச்சிங் போக முடியுமா?"

முடியும். ஆனால் அந்த ஒரு கேள்விக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பெயர் ஆசிரியர்தான். கேட்கும் தகுதி வேறு, வருமானம் வேறு, சாயங்காலம் வகுப்பு முடிந்து எழும்போது இருக்கும் மனநிலையும் வேறு.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தொடக்கநிலை மாணவர்களுக்கு ஜப்பானியம் சொல்லிக்கொடுப்பவன். அதனால் முதல் வாசலைப் பற்றி நீளமாகப் பேசுவேன். மற்றவற்றை அந்தப் பக்கம் போன நண்பர்களிடம் கேட்டும், விதிகளைப் படித்தும் அறிந்திருக்கிறேன்.

வாசல்களுக்கு முன், அந்த என்2 வழங்கும் ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு பற்றி ஒரு வார்த்தை. 1984இல் தொடங்கிய தேர்வு, 2010இல் ஐந்து நிலைகளாக மாறியது: என்5 அடிமட்டம், என்1 உச்சம். என்2 தேற 180க்கு 90 வேண்டும், என்1க்கு 100; பிரிவுவாரிக் குறைந்தபட்சமும் உண்டு. முழுக்க முழுக்கக் கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு. பேசச் சொல்வதில்லை, ஒரு வாக்கியம்கூட எழுதச் சொல்வதில்லை. ஆக, என்1 வைத்திருப்பவர் வாயைத் திறக்கத் திணறினால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. கற்பிக்கும் திறனைப் பற்றி இந்தத் தேர்வு எதுவுமே சொல்லாது. ஆனாலும் வேலை கொடுப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். நுழைவுச்சீட்டு என்ற அளவில் அதற்கு மதிப்பு கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

எந்த நிலை இருந்தால் எதைக் கற்பிக்கலாம்? மாணவனைவிட இரண்டு நிலை மேலே இருந்தால் போதும் என்று ஒரு நடைமுறைக் கணக்கு இருக்கிறது. என்5 வகுப்புக்கு என்3 ஆசிரியர். நான் அப்படித்தான் தொடங்கினேன், அதனால்தான் அதை இப்போது பரிந்துரைப்பதில்லை. மூன்றாவது வகுப்பில் ஒரு பெண் கேட்டார்: "வதஷி வா, வதஷி கா, இரண்டும் 'நான்'தானே, என்ன வித்தியாசம்?" "கா போட்டால் அழுத்தம்" என்று அடித்துவிட்டேன். கேள்விச்சொல்லே எழுவாயாக வரும்போது 'வா' வராது, 'கா'தான் வரும் என்ற எளிய விதிகூட அன்று என் நாக்கில் இல்லை. இரண்டு வாரம் கழித்து அதே வகுப்பின் முன் நின்று திருத்திச் சொன்னேன். தொடக்கநிலை மாணவர்தான் மொழியின் அடித்தளத்தையே பிடித்து ஆட்டும் கேள்விகளைக் கேட்பார். பக்கத்தில் மூத்த ஆசிரியர் ஒருவர் இருந்தால் என்3 போதும்; தனியாக நிற்பதென்றால் என்2.

முதல் வாசல்: தாய்மொழி வழியாகத் தொடக்கநிலை ஜப்பானியம்

ஜப்பான் அரசு சார்ந்த பண்பாட்டு அமைப்பான ஜப்பான் ஃபவுண்டேஷன் மூன்றாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கெடுப்பின்படி, 2021இல் ஜப்பானுக்கு வெளியே 141 நாடுகளிலும் பிரதேசங்களிலுமாக ஏறக்குறைய 38 லட்சம் பேர் ஜப்பானியம் படித்துக்கொண்டிருந்தார்கள். கற்பித்தவர்கள் சுமார் 75 ஆயிரம். ஐம்பது மாணவருக்கு ஓர் ஆசிரியர். அந்த ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஜப்பானியர் அல்லர். "ஜப்பானியர் இருக்கும்போது என்னிடம் யார் படிப்பார்கள்?" என்று தயங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கூட்டம் அடிமட்டத்தில்தான் இருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. 2019 ஏப்ரலில் ஜப்பான் 'தொகுதெய் கினோ' என்ற குறிப்பிட்ட திறன் பணி விசாவைத் தொடங்கியது. அதற்குப் பொதுவாகக் கேட்கப்படும் மொழித் தகுதி என்4, அல்லது கணினியில் எழுதும் ஜே.எஃப்.டி. பேசிக் என்ற ஜப்பானிய மொழித் தேர்வு. 1993 முதல் இருந்துவரும் தொழில்நுட்பப் பயிற்சியாளர் திட்டத்தை மூடிவிட்டு, அதன் இடத்தில் 'இகுசெய் ஷூரோ' என்ற புதிய திட்டத்தைக் கொண்டுவர 2024இல் சட்டம் இயற்றினார்கள். 2027 ஏப்ரல் முதல் நடைமுறை. அதிலும் ஆரம்ப நிலை ஜப்பானியம் தெரிந்தவர்களைத்தான் எதிர்பார்க்கிறார்கள். முதியோர் பராமரிப்பு, கட்டுமானம், விவசாயம் என்று போகிறவர்களுக்குப் பழைய இலக்கியம் வேண்டாம். எட்டு, பத்து மாதத்தில் என்4 வேண்டும். அதைத் தன் மொழியில் தெளிவாக விளக்கக்கூடிய ஆள் வேண்டும்.

தமிழ் தெரிந்த ஆசிரியருக்கு இந்த இடத்தில் கையில் இருப்பது சாதாரணச் சொத்து அல்ல. ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவருக்குப் பக்கம் பக்கமாக விளக்க வேண்டியதை, நம் மாணவருக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம். 'தபெதெ மிரு' என்றால் என்ன? தபெதெ சாப்பிட்டு, மிரு பார்: சாப்பிட்டுப் பார். 'கத்தெ ஒகு'? கத்தெ வாங்கி, ஒகு வை: வாங்கி வை. சொல்லுக்குச் சொல் அப்படியே உட்காருகிறது. எல்லோரையும் பயமுறுத்தும் 'தெ' வடிவம் நம் வினையெச்சம். 'நேற்று வாங்கிய புத்தகம்' என்று பெயருக்கு முன்னால் வரும் பெயரெச்சமும் அதே வரிசைதான். 'தொ ஒமொவு' என்பது 'என்று நினைக்கிறேன்'.

கொரெ, சொரெ, அரெ, தொரெ என்ற சுட்டுச் சொற்களுக்கு வருவோம். இது, அது, எது மூன்றும் சரி. நடுவில் இந்த 'சொரெ' எதற்கு என்று மாணவர் விழிப்பார். தமிழ்ச் சுட்டெழுத்து அ, இ, உ மூன்று என்பதை நினைவூட்டினால் போதும். 'உது' என்பதைப் பலர் மறந்துவிட்டோம், யாழ்ப்பாணத்தில் மறக்கவில்லை. கேட்பவர் பக்கத்தில் இருப்பது உது, அதுதான் சொரெ.

எனக்குப் பிடித்த பாடம் 'அகெரு', 'குரெரு'. இரண்டும் கொடுப்பதுதான், ஆனால் பெறுபவர் நானோ என்னைச் சேர்ந்தவரோ என்றால் குரெரு. பலர் என்3 வரை இதில் தடுமாறுவார்கள். தரு, வரு என்ற சொற்கள் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல், கொடு என்பவை படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் விதி இருக்கிறது. எனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான். குரெருவைத் 'தா' என்றும், அகெருவைக் 'கொடு' என்றும் பலகையில் எழுதினால் வகுப்பில் பாதிப் பேருக்கு அங்கேயே விளங்கிவிடும். ஆனால் இங்கே ஒரு குழியும் உண்டு, ஆசிரியர் அதையும் காட்ட வேண்டும்: 'உனக்குத் தருகிறேன்' என்பதில் நாம் 'தா' போடுகிறோம், ஜப்பானியத்தில் அது அகெரு. ஒற்றுமையைச் சொல்லிவிட்டு, அது எங்கே உடைகிறது என்றும் சொல்பவரைத்தான் நான் நல்ல ஆசிரியர் என்பேன்.

(சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியியலாளர் இப்படிப்பட்ட ஒற்றுமைகளை வைத்து இரண்டும் உறவு மொழிகள் என்றே வாதாடினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. வகுப்பறைக்கு அந்த வழக்கு தேவையில்லை.)

உச்சரிப்பில் கதை கலவையானது. குறில் நெடில் நமக்குப் பழக்கம் என்பதால் ஒபசன் அத்தை, ஒபாசன் பாட்டி என்பதில் யாரும் குழம்புவதில்லை. ஆனால் குறிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளும் மாணவரிடம் வானிலையும் மின்சாரமும் ஒன்றாகிவிடும், இரண்டுமே 'தென்கி'. வல்லின ஒலியை அழுத்துவதா தளர்த்துவதா என்பதை நம் எழுத்து காட்டாது. அதனால் முதல் வாரமே ஹிராகனா என்ற அடிப்படை எழுத்து 46ஐயும் முடித்துவிட்டுத் தமிழ் எழுத்துக்குத் தடை போடுவேன். ஜப்பானியருக்கு இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. நமக்குத் தெரியும்.

குறைகளும் இருக்கின்றன. ஒரே பாடத்தை ஆண்டுக்கு நான்கு முறை எடுப்பீர்கள். 'தெ' வடிவத்திலும், காஞ்ஜி என்ற சீன வழி எழுத்துகள் நூறைத் தாண்டும்போதும் மாணவர்கள் கழன்றுகொள்வார்கள். மணிக்கணக்கில் சம்பளம் என்றால் அது உங்கள் வருமானத்திலும் தெரியும். இன்னொன்று, வெளியில் யாரும் பேசாத கேடு: நாள் முழுக்க என்5 ஜப்பானியம் பேசிப் பேசி உங்கள் சொந்த ஜப்பானியமும் அந்த மட்டத்துக்கு இறங்கிவிடும். நான் தினமும் அரை மணி நேரம் செய்தி படிப்பது மாணவருக்காக அல்ல, என் துருவைத் தேய்க்கத்தான்.

இணையவழி என்றால் இன்னொரு கணக்கு. உரையாடல் பயிற்சிக்கு ஜப்பானியர்களே ஏராளமாக இருக்கிறார்கள். அங்கே போட்டியிட்டால் தோற்போம். 'இலக்கணம் தமிழில், தேர்வுக்குத் தயாரிப்பு' என்று சொல்லி இறங்கினால் போட்டி மிகக் குறைவு. கம்பெனிகளுக்குப் போய்ப் பணியாளர்களுக்குக் கற்பிப்பது இதன் கிளை. அங்கே மணிக்கு வருமானம் கூடுதலாகக் கிடைப்பதுண்டு, ஆனால் என்2 இல்லாமல் வாசலில் நிற்க முடியாது. பாதிப் பேர் 'அலுவலகத்தில் மீட்டிங்' என்று சொல்லி வகுப்புக்கு வரமாட்டார்கள் என்பதையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வாசல்: ஜப்பானுக்குப் போய் ஆங்கிலம்

"ஜப்பானில் டீச்சர்" என்று பலர் கனவு காண்பது உண்மையில் இதைத்தான். வெளிநாட்டவர்களை அழைத்துப் பள்ளிகளிலும் உள்ளாட்சி அலுவலகங்களிலும் அமர்த்தும், 1987இல் தொடங்கிய ஜப்பான் அரசின் ஜெட் திட்டம் இதற்குப் பெயர் பெற்றது. அதில் வருபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏ.எல்.டி., அதாவது ஆங்கில உதவி ஆசிரியர்கள். 2020 ஏப்ரல் முதல் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் ஆங்கிலம் முறையான பாடமானதால் தொடக்கப் பள்ளிகளிலும் இவர்களுக்கு வேலை இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் ஜெட்டில் முதலாண்டு ஊதியம் 33.6 லட்சம் யென்னிலிருந்து 40.2 லட்சம் யென்னாக உயர்ந்தது. அதிகபட்சம் ஐந்தாண்டு.

ஆனால் இந்த வேலைக்கு ஜப்பானியம் கட்டாயமே இல்லை. பட்டம் வேண்டும், நல்ல ஆங்கிலம் வேண்டும். மூன்று வருடம் கஷ்டப்பட்டு என்2 வாங்கியவரும், ஹிராகனாகூடத் தெரியாதவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். உதவி என்ற சொல்லையும் கவனியுங்கள். வகுப்பு ஜப்பானிய ஆசிரியருடையது. அவர் எவ்வளவு இடம் கொடுக்கிறாரோ அவ்வளவுதான் உங்கள் பங்கு. சில பள்ளியில் பாடமே உங்கள் கையில். சில பள்ளியில் நீங்கள் உயிருள்ள டேப் ரிக்கார்டர்.

பலர் கடைசி நேரத்தில் தடுக்கி விழும் விதி ஒன்று உண்டு. இத்தகைய பள்ளிப் பணிகளுக்கான 'பயிற்றுநர்' விசாவில் அந்நிய மொழி கற்பிக்கப் போகிறவர், அந்த மொழி வழியாகப் பன்னிரண்டு ஆண்டாவது கல்வி பெற்றிருக்க வேண்டும். ஆங்கில வழியில் படித்தவர் தப்பித்தார். தாய்மொழி வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, கல்லூரி மட்டும் ஆங்கிலம் என்றால், எவ்வளவு சரளமாகப் பேசினாலும் கணக்கு இடிக்கும். விண்ணப்பத்துக்கு முன் ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். ஜெட் எந்த நாட்டிலிருந்து எந்தப் பணிக்கு ஆள் எடுக்கிறது என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். ஜப்பானியத் தூதரகத்தின் அறிவிப்பைத்தான் நம்ப வேண்டும்.

ஜெட் கிடைக்காதவர்கள் தனியார் அனுப்பு நிறுவனங்கள் மூலம் போகிறார்கள். ஒப்பந்தத்தில் ஆகஸ்ட் மாதம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். விடுமுறைக் காலத்தில் சம்பளத்தைக் குறைக்கும் ஒப்பந்தங்கள் புழக்கத்தில் இருக்கின்றன.

இதனால் ஜப்பானியம் வளருமா? பள்ளி ஆசிரியர் அறை போன்ற பயிற்சிக்களம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. மரியாதை மொழி, தொலைபேசிப் பேச்சு, குழந்தைகளின் கொச்சை எல்லாம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஆனால் ஐந்தாண்டு கழித்து உங்கள் தகுதிப் பட்டியலில் இருப்பது ஆங்கிலம் கற்பித்த அனுபவம். ஜப்பானிய மொழி ஆசிரியர் வேலைக்கு அதை எடுத்துக்கொண்டு போனால் பாதி மதிப்புத்தான். ஜெட்டிலேயே சி.ஐ.ஆர். என்ற பன்னாட்டு உறவுப் பணியாளர் பதவி இருக்கிறது. உள்ளாட்சி அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு, நிகழ்ச்சி ஏற்பாடு. என்2, என்1 அளவு மொழி கேட்பார்கள். படித்த ஜப்பானியம் வீணாகக் கூடாது என்பவர் முதலில் தட்ட வேண்டிய கதவு அதுதான், இடங்கள் குறைவு என்றாலும்.

மூன்றாம் வாசல்: ஜப்பானிலேயே ஜப்பானியம்

மிகக் கடினமான வாசல். இப்போது புதிதாகப் பூட்டும் போட்டிருக்கிறார்கள். 2023இல் நிறைவேறி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, கல்வி அமைச்சகத்தின் அங்கீகாரம் பெற்ற ஜப்பானிய மொழி நிறுவனங்களில் கற்பிக்கப் 'பதிவு பெற்ற ஜப்பானிய மொழி ஆசிரியர்' என்ற தேசியத் தகுதி வேண்டும். முதல் தேர்வு 2024 நவம்பரில் நடந்தது. அடிப்படைத் தேர்வு, பயன்பாட்டுத் தேர்வு, பிறகு செய்முறைப் பயிற்சி. அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தில் படித்து முடித்தவர்களுக்கு அடிப்படைத் தேர்விலிருந்து விலக்கு. ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கு 2029 மார்ச் வரை இடைக்காலச் சலுகை; புதிதாக வருபவருக்கு அதனால் பயனில்லை.

வயது, நாடு, படிப்பு எதற்கும் தடை இல்லை என்பது இதன் அழகு. ஆனால் தேர்வு முழுக்க ஜப்பானியத்தில். ஒலியியல், மொழி கற்றல் கோட்பாடு, ஜப்பானிய மொழிக் கல்வியின் வரலாறு, வெளிநாட்டினர் தொடர்பான கொள்கை என்று பாடம் விரியும். பயன்பாட்டுத் தேர்வில் கேட்கும் பகுதியும் உண்டு. என்1 இங்கே முதல் படி மட்டுமே. இன்னொரு முரண்: தேர்வுக்குப் பட்டம் வேண்டாம், ஆனால் வெளிநாட்டவர் மொழிப்பள்ளியில் வேலை செய்ய எடுக்கும் விசாவுக்குப் பெரும்பாலும் பட்டம் வேண்டும். தேர்வு எழுதியாகிவிட்டது என்று பெட்டி கட்டிவிட முடியாது.

வருமானம்? ஜப்பானுக்குள் ஜப்பானியம் கற்பிப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் தன்னார்வலர்கள். முழுநேர வேலையில் இருப்பவர்கள் ஏழில் ஒருவர் அளவுக்கே. மீதிப் பேர் பகுதிநேரம். அவர்களுக்குச் சம்பளம் 'கோமா' கணக்கில், அதாவது 45 நிமிட வகுப்புக்கு இவ்வளவு என்று. பாடம் தயாரிக்கும் நேரமும் திருத்தும் நேரமும் பெரும்பாலும் அந்தக் கணக்கில் வராது.

நான் தயங்குவதற்குக் காரணம் பணம் மட்டுமல்ல. அங்கே ஒரே வகுப்பில் பல நாட்டு மாணவர்கள். அதனால் ஜப்பானியத்தை ஜப்பானியத்தாலேயே கற்பிக்கும் நேரடி முறைதான் வழக்கம். 'சாப்பிட்டுப் பார்', 'தா, கொடு' எல்லாம் விமானத்திலேயே கழன்றுவிடும். நமக்கிருந்த ஒரே பெரிய பலத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஜப்பானியர்களோடு அவர்கள் மொழியில் போட்டி. முடியாது என்றில்லை, செய்துகாட்டியவர்கள் இருக்கிறார்கள். வேற்றுமொழிக்காரர் ஒருவர் வகுப்பின் முன் நின்று தடங்கலில்லாமல் பேசுவதே மாணவருக்கு ஊக்கம்தான். குடும்பத்தோடு ஜப்பானில் நிலையாக இருக்கப் போகிறவர்களுக்கு இது நல்ல வழி. ஆசிரியர் ஆவதற்காகவே ஜப்பான் போக நினைப்பவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

நான்காவது: பள்ளி, பல்கலைக்கழகம்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம், ஏனென்றால் இங்கே விதிகளை அந்தந்த நாடு தீர்மானிக்கிறது. இந்தோனேசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஜப்பானியம் படிப்பவர்கள் லட்சக்கணக்கில் இருப்பதற்குக் காரணம் பள்ளிகளில் அது பாடமாக இருப்பது. அப்படிப்பட்ட நாட்டில் என்1ஐவிட அந்த நாட்டின் ஆசிரியர் கல்விப் பட்டமே பெரிது. பல்கலைக்கழகம் என்றால் முதுகலை, முனைவர் பட்டம், ஆராய்ச்சிக் கட்டுரைகள். இளங்கலையில் ஜப்பானியத்தை முதன்மைப் பாடமாகப் படிப்பவர்களுக்கு ஜப்பான் அரசின் ஓராண்டு ஜப்பானியவியல் உதவித்தொகை இருக்கிறது. ஆய்வு மாணவர் உதவித்தொகை தனி. ஏற்கெனவே பள்ளி ஆசிரியராக ஐந்தாண்டு அனுபவம் உள்ள, 35 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒன்றரை ஆண்டு ஆசிரியர் பயிற்சி உதவித்தொகை உண்டு; கணிதம் கற்பிப்பவர்கூட விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

முதல் வாசல் வழியாகப் போனவர்களுக்கும் ஒரு மேல்படி இருக்கிறது. சைதாமாவில் உள்ள உராவா ஜப்பானிய மொழி நிறுவனத்தை ஜப்பான் ஃபவுண்டேஷன் 1989இல் தொடங்கியதே வெளிநாட்டில் ஜப்பானியம் கற்பிப்பவர்களுக்குப் பயிற்சி தரத்தான். அதற்கு விண்ணப்பிக்கக் கற்பித்த அனுபவம் வேண்டும். என்1 வரட்டும், அப்புறம் கற்பிக்கிறேன் என்று காத்திருப்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் எதிர்வாதம் இதுதான். மதிப்பெண்ணைப் பிறகும் வாங்கலாம், வகுப்பு நடத்திய ஆண்டுகளைப் பிறகு வாங்க முடியாது.

ஆகவே, 22 வயது, பட்டம் கையில், ஆங்கில வழிக் கல்வி, உலகம் பார்க்க ஆசை என்றால் ஜெட்டுக்கு எழுதுங்கள். அங்கிருந்தபடியே என்1 முடியுங்கள், வார இறுதியில் இணையத்தில் ஒரு ஜப்பானிய வகுப்பாவது எடுத்துக்கொண்டிருங்கள். 35 வயது, வேலை இருக்கிறது, என்2 இருக்கிறது என்றால் வேலையை விடாமல் மாலையில் ஐந்து மாணவரோடு முதல் வாசல். துணைவருக்கு ஜப்பானில் வேலை என்றால் மூன்றாவது. இலக்கணத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கினால் தூக்கம் வராதவர் நான்காவதுக்குப் போகலாம்.

எதற்கும் முன்னால் ஒரு சின்னச் சோதனை. ஜப்பானியம் தெரியாத ஒரு நண்பரை உட்கார வைத்து நாற்பது நிமிடத்தில் 'தெ' வடிவத்தைச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். மறுநாள் கேளுங்கள். 'வந்து' என்பதற்கான கிதெயையும் 'வெட்டி' என்பதற்கான கித்தெயையும் நிச்சயம் குழப்புவார். மறுபடி சொல்லுங்கள், மறுபடியும் குழப்புவார். மூன்றாவது தடவை வேறு எப்படிச் சொல்லிப் பார்க்கலாம் என்று யோசனை ஓடினால் மேலே எழுதியதில் ஏதாவது ஒரு வாசலைத் தேர்ந்தெடுங்கள். எரிச்சல் வந்தால் மொழிபெயர்ப்புக்கே போய்விடுங்கள், அதில் கோப்பு திரும்பக் கேள்வி கேட்காது.